லாங் பேராலயமும் எருதுச் சிற்பங்களும்

பிரான்சின் வடபகுதிச் சமவெளியில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்து தனித்து நிற்கும் குன்றின்மேல் லாங் நகரப் பேராலயம் அமைந்துள்ளது. (எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி ‘லாவோன்’ என எழுதுவாரும் உளர், பிரெஞ்சு ஒலிப்பில் இஃது ஓரசைச் சொல்லே.) இதன் மேற்குக் கோபுரங்களின் மேல்நிலையில் 16 எருதுச் சிற்பங்கள் தூண்களுக்கிடையே நின்று சமவெளியை நோக்குகின்றன.

1112இல் நகரமக்கள் கிளர்ந்தெழுந்து ஆயர் கோத்ரியைக் கொன்றனர். அக்கலகத் தீயில் அன்றைய பழைய ஆலயம் சிதைந்தது. அதனைச் செப்பனிடப் பொருள் சுமந்து குன்றேறிய எருதொன்று சோர்ந்து விழ, எங்கிருந்தோ வந்த வேறோர் எருது வண்டியை இழுத்துச் சேர்த்துவிட்டு மறைந்தது என்று நோழான் மடத்தலைவர் கிபேர், தம் இலத்தீன் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். சிற்பங்கள் இந்நிகழ்ச்சியின் நினைவே என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

இவ்விளக்கத்தில் காலமயக்கம் உண்டு. கிபேர் கூறுவது பழைய ஆலயத்தை. இன்றுள்ள கோதிக் கட்டடமோ ஆயர் கோத்தியே த மோர்த்தாஞ் காலத்தில் (1155-1174) தொடங்கப்பெற்றது. உட்சுவர் நான்கு நிலைகளாக எழுவதும், ஒவ்வொரு கவிமாடமும் ஆறு கூறாகப் பிரிவதும் அத்தொடக்கக் கோதிக் பாணியின் அடையாளங்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பீடப்பகுதி கிழக்கே நீட்டப்பட்டு, பிரெஞ்சு ஆலயங்களில் பெருவழக்கான அரைவட்டம் நீங்கி, நேர்ச்சுவராக முடிந்தது. சிற்பங்கள் கதைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டவை. கதையில் வரும் அற்புத எருதும் ஒன்றே. குன்றின்மேல் கல் ஏற்றிய எல்லா எருதுகளுக்கும் செய்த சிறப்பாக இவற்றைக் கொள்வதே பொருந்தும்.

13ஆம் நூற்றாண்டில் இக்கோபுரத்தை எருதுகளுடன் தம் வரைவேட்டில் தீட்டிய வில்லார் த ஒன்கூர், அதனை வியந்து பழம் பிரெஞ்சில் குறிப்பும் எழுதினார். அக்குறிப்பில் அற்புதக் கதை இடம்பெறவில்லை.