பல்செட்டும் சிவந்த அண்ணமும்

மாலையில் நம் குடியிருப்புப் பூங்கா பெஞ்சில் கூடும் மூத்தவர்களில் பலருக்குப் பல்செட் உண்டு. அடியேனுக்கும் உண்டு. போன மாதம் பேச்சு அங்கே போனது. ராத்திரி கழற்றி வைப்பதில்லை என்றவர்களே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா 1970களில் மேலும் கீழும் பல் கட்டிக்கொண்டார். தூங்கும்போதும் கழற்ற மாட்டார். பொக்கை வாயைப் பேத்தி பார்த்துவிடக் கூடாதாம். சில வருடங்களில் வாய் எரிகிறது என்று ரசத்தைக்கூட ஒதுக்கினார். உடம்புச் சூடு என்று வீட்டில் மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போட்டார்கள். கேட்கவில்லை.

கடைசியில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் தொடங்கிய இடம். தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயில். டாக்டர் செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். மேல் அண்ணத்தில் பிளேட் உட்காரும் இடம் மட்டும் அச்சு வைத்தாற்போல் செக்கச்செவேல் என்று இருந்தது.

இந்தச் சிவப்புக்கு யார் காரணம் என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான வல்கனைட்டில் பிளேட் செய்ய ஆரம்பித்தார்கள். தந்தத்தையும் தங்கத்தையும்விட மலிவு; வாயின் அச்சுக்குச் சரியாகப் பொருந்தும். அமெரிக்காவில் அதன் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி பல் டாக்டர்களிடம் கறாராகப் பணம் வசூலித்தது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் டாக்டர் சுட்டே கொன்றுவிட்டார். வசூலுக்குப் போவது எங்கேயும் ஆபத்துதான்!

ரப்பர் பிளேட் போட்டவர்களுக்கு வாய் புண்ணானபோது ரப்பரைத் திட்டினார்கள். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்த, பாதரசம் கலந்த சாயத்தைத் திட்டினார்கள். 1930களின் கடைசியில் அக்ரிலிக் வந்தது. ரப்பர் மெல்ல ஒழிந்தது. சிவப்பு ஒழியவில்லை. உடனே அக்ரிலிக் ஒவ்வாமை என்றார்கள். அப்படி ஒவ்வாமை வருவது உண்டுதான், ஆனால் அபூர்வம்.

நிஜக் காரணம் வேறு. பிளேட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் உமிழ்நீர் சரியாகப் புகுந்து கழுவ முடியாது. கேண்டிடா என்ற பூஞ்சை அங்கே செழிக்கும். சாதாரணமாகவே பலர் வாயில் இருப்பதுதான் அது. பிளேட் தளர்ந்து உராய்ந்தால், சர்க்கரை நோய் இருந்தால், வாய் உலர்ந்தால் அதற்கு இன்னும் வசதி. 1950-இல் நியூயார்க் மாநிலத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் பூஞ்சையைக் கொல்லும் மருந்தொன்றைக் கண்டுபிடித்து, அந்த மாநிலத்தின் பெயரையே ஒட்டி நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். அண்ணத்தில் தடவினால் சிவப்பு மறையும்; பிளேட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் திரும்ப வரும். ஏனென்றால் பூஞ்சை பிளேட்டின் நுண்துளைகளிலும் குடியிருக்கிறது. பாங்குக்காரன் பாஷையில் சொன்னால், அசல் பிளேட்டில் அப்படியே கிடக்க, அண்ணத்தில் வட்டி மட்டும் கட்டுகிறோம்.

இதில் மோசம் என்னவென்றால், பலருக்கு வலியே இருக்காது. அப்பாவுக்கு எரிந்தது அவர் அதிர்ஷ்டம். வாயோடு போகிற சமாச்சாரமும் இல்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

டாக்டர் அப்பாவுக்குச் சொன்னது: தினமும் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், இரவு கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீர் கூடாது, பிளேட் வளைந்துவிடும். கூடவே பூஞ்சை மருந்தும் கொடுத்தார். அடுத்த மாதமே ரசம் கேட்டார். அதன்பின் கடைசிவரை இரவில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டம்ளர் அவர் தலைமாட்டில் இருந்தது. தவறிப்போய் யாரும் அதில் காபி குடித்துவிடக் கூடாது என்று, அடியில் ஆணியால் 'ப' என்று பொறித்து வைத்திருந்தார்.