எங்கும் போகாத பாதை

1872-க்கு முன்பே கொடைக்கானல் மலையில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. பளியர்கள் தேனுக்கும் கிழங்குக்கும் போய்வந்த தடங்கள் இருந்தன. வில்பட்டி, பூம்பாறைக்காரர்கள் விளைச்சலைச் சுமந்து நடந்த தடங்கள் இருந்தன. பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களை டோலியில் தூக்கிக்கொண்டு கூலியாட்கள் மூச்சிரைக்க ஏறிய தடமும் இருந்தது. எல்லாமே பிழைப்புக்கான வழிகள். அந்த வருடம் லெப்டினன்ட் கோக்கர் என்ற ராணுவப் பொறியாளர் போட்ட பாதை மட்டும் எந்த ஊருக்கும் போகவில்லை. மலையின் விளிம்பை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய் முடிந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டே நடப்பதற்கென்று மட்டும் பிறந்த பாதை அது.

அப்படியொரு பாதை தேவைப்பட, மலைமேல் முதலில் ஓர் ஊர் வேண்டுமே. மதுரைச் சீமையின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். 1863-இல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். கரையைச் சுற்றி நடக்க இன்றைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்ததே 1875-இல்தான். ரயிலுக்கு மூன்று வருடம் முன்னதாகவே உலாவுவதற்கென்று இங்கே ஒரு பாதை வெட்டியிருக்கிறார்கள்!

கோக்கர் கொடைக்கானலுக்கு வரைபடம் தயாரித்தவர். அந்தக் கண்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செங்குத்துச் சரிவில் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஒரு கோட்டை இழுத்துப் போவது லேசான காரியமல்ல. வயசாளிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இங்கே இளைக்காமல் நடக்கிறார்கள் என்றால், அது அவர் பிடித்த மட்டமும் பாறையை உடைத்த தொழிலாளிகளின் கைகளும் தந்தது.

தெளிவான காலையில் கீழே பெரியகுளமும் வயல்களும் குளங்களும் விரிந்து கிடக்கும். ஒருபுறம் டால்பின் மூக்குப் பாறை நீட்டிக்கொண்டிருக்கும். பத்து மணி தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடலாம். அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

மஞ்சு மூடிவிட்டதே என்று வருத்தப்பட்டுத் திரும்பிவிடவும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயில், முன்னால் பள்ளத்தில் மஞ்சுப்படலம், இரண்டும் சேர்ந்து வாய்த்தால் உங்கள் நிழல் அந்த மஞ்சின்மேல் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள் தெரியும். நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் காட்சி இது. ஜெர்மனியின் பிராக்கன் மலையில் அடிக்கடி தென்பட்டதால் அந்த மலையின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி வளையம் உங்களுக்குத் தெரியாது. அவரவருக்கு அவரவர் வளையம்தான். நம் மலையிலேயே இது கிடைக்கிறது என்பதைப் பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு யாராவது நிறுத்திச் சொல்ல வேண்டும்.

காலில் தெம்பு மிச்சமிருந்தால் வட்டக்கானல் போய், வேர்கள் படிக்கட்டாகக் கிடக்கும் இறக்கத்தில் டால்பின் மூக்குவரை நடக்கலாம். அந்தத் தடம் அதற்கும் கீழே வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குகிறது. தலைச்சுமையோடு ஏறிவரும் ஊர்க்காரர்கள் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.