இதய உதவி எக்கியின் வேகக் கட்டுப்பாடு

இதய உதவி எக்கியின் வேகக் கட்டுப்பாடு என்பது, வலுவிழந்த இதயத்துக்குத் துணையாகப் பொருத்தப்படும் எக்கியின் சுழல் வேகத்தை நோயாளியின் உடல்நிலைக்கு ஏற்ப அமைப்பதும் பேணுவதும் ஆகும். இவ்வகை எக்கிகளுள் பெரும்பாலானவை இதயத்தின் இடது கீழறையிலிருந்து குருதியை எடுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்துகின்றன. எக்கியிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலின் வழியே வெளிவந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியுடனும் மின்கலங்களுடனும் இணைகிறது.

செயற்பாடு

எக்கி வழியே பாயும் குருதியின் அளவு, சுழலியின் வேகத்தையும், பெருந்தமனிக்கும் கீழறைக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டையும் பொறுத்தது. வேகம் மாறாதிருந்தாலும் குருதியழுத்தம் உயர்ந்தால் பாய்வு குறையும். இயற்கையான இதயம் தன்னிடம் வரும் குருதி கூடும்போது தானே மிகுதியாக வெளியேற்றும். எக்கிக்கு இத்திறன் குறைவு. எனவே வேகத்தைத் தேர்வது இன்றியமையாததாகிறது.

வேகத்தின் விளைவுகள்

* வேகம் குறைந்தால் உறுப்புகளுக்குப் போதிய குருதி கிட்டாது. நுரையீரலில் நீர் கோக்கும். குருதி உறையும் வாய்ப்பும் கூடும்.
* வேகம் மிகுந்தால் கீழறை வெறுமையாகி, அதன் சுவர் எக்கியின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இது உறிஞ்சல் நிகழ்வு எனப்படும். இதனால் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடலாம். இதய இடைச்சுவர் இடப்பக்கம் இழுக்கப்படுவதால் வலது கீழறையும் தளரலாம்.
* பெருந்தமனி அடைப்பிதழ் நெடுங்காலம் திறவாதிருந்தால் அதன் மடல்கள் ஒட்டிக்கொள்ளவோ கசியவோ கூடும்.

வேகத்தை அமைத்தல்

மருத்துவர்கள் மீயொலி இதய வரைவைப் பார்த்துக்கொண்டே வேகத்தைப் படிப்படியாக மாற்றுவர். கீழறையின் அளவு, இடைச்சுவரின் நிலை, அடைப்பிதழின் அசைவு ஆகியவற்றைக் கொண்டு உகந்த வேகம் முடிவு செய்யப்படும். நோயாளி இதனைத் தாமே மாற்ற இயலாது. ஹார்ட்மேட் 2 எக்கி பொதுவாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 சுற்றுகளிலும், ஹார்ட்மேட் 3 எக்கி 5,000 முதல் 6,000 சுற்றுகளிலும் இயக்கப்படுகின்றன.

திரையில் தோன்றும் பாய்வு பெரும்பாலும் மின்திறனிலிருந்து கணிக்கப்படுவதே. சுழலியில் குருதிக்கட்டி படிந்தால் மின்திறன் கூடி, பாய்வும் கூடியதாகப் பொய்யாகத் தோன்றும். பல நோயாளிகளிடம் நாடித்துடிப்பு தெளிவாகத் தெரியாது என்பதால் குருதியழுத்தம் டாப்ளர் கருவியால் அளக்கப்படுகிறது.

தானியங்கு மாற்றங்கள்

உறிஞ்சல் நிகழக்கூடும் என உணர்ந்தால் ஹார்ட்மேட் 2 தன் வேகத்தை முன்னரே குறித்த தாழ்வெல்லைக்கு இறக்கிப் பின் மெல்ல உயர்த்தும். 2017 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹார்ட்மேட் 3, 2 நொடிகளுக்கு ஒருமுறை வேகத்தைச் சற்றுக் குறைத்தும் கூட்டியும் செயற்கைத் துடிப்பை உண்டாக்குகிறது. எக்கிக்குள் குருதி தேங்காதிருக்க இது உதவுகிறது. எச்விஏடி என்னும் எக்கியிலும் இதை ஒத்த சுழற்சி இருந்தது. அதன் விற்பனை 2021 இல் நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக்கொடைத் திட்டம் 2008 இல் தொடங்கியது. பொருந்தும் இதயம் கிடைக்கும்வரை நோயாளியைக் காப்பதற்கு இவ்வெக்கிகள் பயன்படுகின்றன. 2010களில் சென்னை போர்டிஸ் மலர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் கே. ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இவற்றைப் பொருத்தியது. கருவியின் மிகுந்த விலை இதன் பரவலுக்குத் தடையாக உள்ளது.

ஆய்வுகள்

நடத்தல், உறங்கல் போன்ற நிலைகளுக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் முறைகள் ஆராயப்படுகின்றன. உடலினுள் பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கும் அழுத்த உணரிகளை உருவாக்குவது இதிலுள்ள முதன்மையான இடர்ப்பாடு ஆகும்.