டிரையரின் முள்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் ஃபிட்டராக இருந்தவன் நான். டிரையர் என்றால் எல்லாரும் ஃபேனையும் ஹீட்டரையும் பற்றித்தான் பேசுவார்கள். டயலின் தண்டுக்குள் சுருண்டிருக்கும் இரட்டைத் தகட்டைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நீலகிரியில் 1835இல் கேத்தியில் தேயிலையைச் சோதனையாக நட்டார்கள். தோட்டங்கள் பெருகியது 1860களில்தான். அந்தக் காலத்தில் இலை காய்ந்தது கரி நெருப்பின் மேல். பக்குவம் சொன்னவை கையும் மூக்கும். அசாமின் கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்ஃபாஸ்டில் சிராக்கோ பட்டறையைத் தொடங்கினார். சூடான காற்றால் உலர்த்தும் இயந்திரங்கள் பரவின. மூடிய பெட்டிக்குள் மூக்கை நுழைக்க முடியுமா? உள்ளே போகும் காற்று 90 முதல் 100 டிகிரி, வெளியே வருவது 50, 55. குறைந்தால் இலை வெந்துபோகும். கூடினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்தால் தூளில் பாதரசம். உலோக டயலே பாதுகாப்பு.

டயலுக்குள் இருக்கும் இரட்டைத் தகட்டின் தொடக்கம் கடலில் இருக்கிறது. ஜான் ஹாரிசன் 1750களில் தன் மூன்றாவது கப்பல் கடிகாரத்துக்காகப் பித்தளையையும் எஃகையும் ஆணியடித்துச் சேர்த்தார். 1896இல் இயற்பியலாளர் கியோம் கண்ட இன்வார், சூட்டில் ஏறக்குறைய நீளாத கலவை. ஒட்டிய இரண்டில் ஒன்று அதிகம் நீண்டால் பட்டை வளையும்; அந்த வளைவுக்கு முழுக் கணக்கை 1925இல் எழுதியவர் பொறியியலாளர் திமோஷென்கோ.

அந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பு. பித்தளையும் இன்வாரும் சம கனத்தில் ஒட்டிய, 1 மி.மீ. கனமும் 10 செ.மீ. நீளமும் உள்ள பட்டை. 20 டிகிரியிலிருந்து 95க்குப் போனால் இரண்டின் நீட்சிக்கும் வித்தியாசம் 0.13 மி.மீ.தான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் மறுமுனை 10 மி.மீ. நகர்கிறது! வளைவின் ஆரம் அரை மீட்டர். எந்த உலோகம் விறைப்பானது என்பது வளைவை அதிகம் மாற்றுவதில்லை என்பதையும் திமோஷென்கோ காட்டினார்.

ஆனால் ஃபிட்டர் பார்க்க வேண்டியது ஒட்டிய இடத்தை. அங்கே இரண்டு உலோகமும் அந்த வித்தியாசத்தில் பாதிப் பாதியைத் திரிபாகச் சுமக்கின்றன. பித்தளை அமுங்குகிறது, இன்வார் இழுபடுகிறது. அதே பித்தளை வெளி விளிம்பில் இழுபடுகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றால், விறகு எரியும் ஹீட்டரின் சூடு அப்படியே தேங்கும். திரிபு எல்லை மீறினால் பட்டை பழைய வடிவுக்குத் திரும்பாது. அதற்குப் பின் முள் காட்டுவது பொய்.

அப்போது டயலைக் கழற்றிக் கொதிநீரில் விட்டுப் பார்ப்போம். குன்னூர் 1,850 மீட்டர் உயரம்; இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். முள் 100இல் நின்றால், அந்த டயலை மறுபடி டிரையரில் மாட்டக் கூடாது.