கிறிஸ்துமஸ் கதைகளின் வரவு செலவு

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிற நாளில் கணக்கு எழுதுகிறவனுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. பி.டி., சுரபி, கொட்டு என்று ரகம் பிரித்து எழுத வேண்டும். எந்த மூட்டையை யார் என்ன விலைக்கு எடுத்தார், சாக்கு எடை எவ்வளவு கழித்தது, பழைய பாக்கி பிடித்தம் போகக் கையில் என்ன. முப்பத்தொரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். கதைப் புத்தகம் எடுத்தாலும் பழக்கம் விடுவதில்லை. கண்ணீரெல்லாம் அப்புறம், முதலில் தொகை சரியா என்றுதான் பார்ப்பேன்.

1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த ஓ. ஹென்றியின் கதை அப்படித்தான் மாட்டியது. புருஷனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசு என்கிறார். அப்படியானால் மீதி 1 டாலர் 27 சென்ட் மற்ற காசுகளில் இருக்க வேண்டும். ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட்டை எப்படிக் கூட்டினாலும் 27 வராதே! எழுதினவர் தப்பைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு நாள் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் காசுகளும் இருந்திருக்கின்றன. 1889-க்குப் பிறகு புதிதாக அடிக்கவில்லையே தவிர, அவை செல்லாமல் போகவில்லை. மனிதர் தப்பித்தார். மற்றபடி அவர் கணக்கு சுத்தம். கூந்தலை விற்று 20 டாலர், கடிகாரச் சங்கிலிக்கு 21 டாலர், வீடு திரும்பும்போது கையில் 87 சென்ட். கூட்டிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை. புருஷன் சம்பளம் வாரம் 30 டாலரிலிருந்து 20-க்கு இறங்கிவிட்டது, வீட்டு வாடகை வாரம் 8. காதல் கதை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது சம்பளம் குறைந்த வீட்டின் கதை.

கிறிஸ்துமஸ் கதை என்றால் பனி, நட்சத்திரம், மணியோசை என்று நினைப்பு. பிரித்துப் பார்த்தால் பேர்பெற்ற கதைகளில் பாதிக்கு மேல் கூலி, வட்டி, கடன், அடகு. அந்த வழியைப் போட்டவர் டிக்கன்ஸ். 1824-இல் அவருடைய அப்பா, ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக லண்டனில் கடனாளிச் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயசுப் பையன் செருப்புமை டப்பாவுக்குச் சீட்டு ஒட்டப் போனான், வாரம் 6 ஷில்லிங். அந்தப் பையன் வளர்ந்து 1843 டிசம்பர் 19-இல் வெளியிட்டதுதான் 'கிறிஸ்துமஸ் கேரல்'. கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதி போய்விட்டது. படத்துக்கும் பொன்முலாம் பூசிய அட்டைக்கும் செலவு ஓடியதில், 1,000 பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் 230 பவுண்டுதான் நின்றது. விலை 5 ஷில்லிங். கதையில் வரும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரக் கூலி 15 ஷில்லிங். தன் கதையைத் தானே வாங்க வேண்டுமானால் அவன் மூன்றில் ஒரு பங்கு கூலியைக் கொடுக்க வேண்டும்.

கிராட்சிட் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, தொழில் அப்படி. முதலாளி ஸ்க்ரூஜ் கடைசியில் மனம் திருந்திச் சம்பளத்தை உயர்த்துகிறேன் என்கிறான். எவ்வளவு என்று டிக்கன்ஸ் எழுதவே இல்லை. வான்கோழி கொடுத்தது பெரிய மனசு, ஆனால் அது வருஷத்துக்கு ஒரு வேளை. அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. ஸ்க்ரூஜ் செத்துப்போனதாக வரும் காட்சியில், அவன் சாவை நினைத்து மனசு இளகுகிறவர் யாராவது உண்டா என்று தேடினால், அவனிடம் கடன்பட்ட ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான் தென்படுகிறார்கள். அதுவும் சந்தோஷத்தில்! தவணை கொஞ்சம் தள்ளிப்போகுமே என்று அன்று ராத்திரி நிம்மதியாகப் படுக்கலாம். கந்துக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மனம் திருந்தும் கதைக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பட்டறை இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது, கல்கி அதில் வேலை பார்த்தார். கதை, பாட்டு, படம் எல்லாம் குடியை எதிர்த்துத்தான். டிக்கன்ஸ் 1850 முதல் 1867 வரை தன் பத்திரிகைகளுக்குக் கிறிஸ்துமஸ் இதழ் போட்ட மாதிரி, நம் பத்திரிகைகள் தீபாவளி மலர் போட்டன. புதுத்துணிக்குக் கடன், தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை, அடகுக் கடையில் வளையல் என்று பண்டிகைக் கதை இங்கேயும் பணத்தைச் சுற்றியே வந்தது.

கதை எழுதின ராஜாஜி பதவிக்கு வந்ததும் யாரும் மனம் திருந்தட்டும் என்று காத்திருக்கவில்லை. 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கு வந்தது. அன்றைக்கு நாங்களும் சேலம்தான். அடுத்த வருஷம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன்பு வாங்கிய கடனுக்கு, அதே 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி தள்ளுபடி. அசலைப் போல இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஸ்க்ரூஜ் மனம் திருந்த, செத்துப்போன கூட்டாளி மார்லியையும் சேர்த்து நான்கு ஆவி வேண்டியிருந்தது.

ஆனால் அது நிலம் வைத்திருந்தவர்களுக்கான சட்டம். நிலமில்லாத தறிக்காரர் அதற்குள் வரமாட்டார். என் அப்பா விசைத்தறி ஓட்டினார்.

ருஷ்யாவிலும் கிறிஸ்துமஸுக்குப் பத்திரிகைக் கதை எழுதுகிற வழக்கம் இருந்தது. செகாவின் 'வான்கா' 1886 டிசம்பர் 25 இதழில் வந்தது. மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகப் போன ஒன்பது வயசுப் பையன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டதற்கு அடி, மீனை வால் பக்கமிருந்து ஆய்ந்ததற்கு அடி. என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று தாத்தாவுக்குக் கடிதம் எழுதி, ஒரு கோபெக் கொடுத்து வாங்கிய உறையில் போட்டு, 'கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு' என்று ஊர்ப் பெயர் இல்லாமல் முகவரி எழுதுகிறான். இந்தக் கதையில் யாரும் மனம் திருந்துவதில்லை. அதனாலேயே எனக்கு டிக்கன்ஸைவிட இது ஒரு படி மேல்.

வான்கா அடிக்காகத் தப்பிக்க நினைத்தான். அப்பாவைக் கட்டிப்போட்டது அடியல்ல, அட்வான்ஸ். தறிப்பட்டறையில் சேரும்போது முன்பணம் கொடுப்பார்கள். வாரக் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். தீபாவளிக்குப் போனஸ் வரும், அதில் ஒரு பகுதி அட்வான்ஸுக்குக் கழியும். பண்டிகை முடிந்த வாரமே துணி, மருந்து, கல்யாண மொய் என்று மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும். வேலை மாற வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அட்வான்ஸைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. பட்டறையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அட்வான்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

அப்பாவின் கூலி நோட்டு என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, ஓரம் எண்ணெய் படிந்து கறுத்தது. 1979 தீபாவளிப் பக்கத்தில் போனஸ், கழிவு, பாக்கி 640 என்று முடித்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் வேறு பட்டறை, வேறு கையெழுத்து, பச்சை மை. முதல் வரி: முன்பணம் 640.