பாரிசின் இரு தமிழ் முகவரிகள்: கொலேஜ் து பிரான்சும் மார்க்ஸ் டோர்மோயும்

பாரிஸ் நகரின் 18ஆம் வட்டாரத்தில் உள்ள மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையம் 1916இல் திறக்கப்பட்டபோது தோர்சி என்றே வழங்கியது. இன்றைய பெயரைக் கேட்டவுடன் கார்ல் மார்க்சை நினைப்போர் உண்டு. நிலையத்தின் பெயர் அவரைக் குறிப்பதன்று. மக்கள் முன்னணி அரசில் உள்துறை அமைச்சராக இருந்து, 1940இல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் வழங்க மறுத்து வாக்களித்த எண்பதின்மரில் ஒருவராகி, அடுத்த ஆண்டே குண்டுவைத்துக் கொல்லப்பட்டவர் மார்க்ஸ் டோர்மோய். 1946இல் நிலையம் அவர் பெயரைப் பெற்றது. அங்கிருந்து லா ஷப்பேல் நோக்கி இறங்கும் தெருக்களே கடந்த நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பாவின் புகழ்பெற்ற தமிழ்க் கடைவீதியாக விளங்குகின்றன. ஆயினும் பாரிசில் தமிழின் முதல் முகவரி அதுவன்று. அம்முகவரி சேன் ஆற்றின் தென்கரையில், பல்கலைக்கழக வட்டாரத்தில் இருந்தது.

எழெய்ன் பர்னூஃப் முதலிய வடமொழி அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழ் எழுத்தைப் பற்றி எழுதியிருந்தனர். புதுச்சேரியில் பணியாற்றிய எதுவார் ஆரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் அவர் 1854இல் மறைந்தபின் பாரிசை வந்தடைந்தன. இன்று அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன. எனினும் தமிழ் ஒரு பாடமாக நிலைபெற்றது ழூலியன் வின்சோனால்தான். காரைக்காலில் வளர்ந்து, வனத்துறை அலுவலராகப் பயிற்சி பெற்று, பாஸ்க் மொழியாய்விலும் பெயர் பெற்ற இவர், 1879 முதல் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். அவருடைய தமிழ்க் கைநூல் 1903இல் வெளிவந்தது. இளமையில் தெருவில் கேட்ட மொழியைப் பின்னர் வகுப்பறையில் கற்பித்தவர் என்ற வகையில் அவர் தனித்து நிற்கிறார். அவருக்குப் பின் வந்தோருள் பலர் ஏட்டிலிருந்தே தமிழுக்கு வந்தவர்கள்.

கொலேஜ் து பிரான்ஸ் 1530இல் தோன்றிய நிறுவனம். அது பட்டம் வழங்குவதில்லை, தேர்வு நடத்துவதில்லை, விரிவுரை கேட்பதற்குப் பதிவோ கட்டணமோ வேண்டியதில்லை. கதவு யாவர்க்கும் திறந்தே இருக்கும். பீடம் மட்டுமே அரிது. 1937இல் அங்குப் பேராசிரியரான ழூல் பிளோக், 1946இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பை ஆராயும் நூலை வெளியிட்டார். அவரை அடுத்து 1952இல் வந்த ழான் ஃபிலியோசா கண் மருத்துவர். இந்திய மருத்துவ வரலாற்றின் வழியே தமிழுக்கு வந்தவர். 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தை நிறுவியவரும் அவரே. ஏறத்தாழ இதே காலத்தில் 1868ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த உயர் ஆய்வுப் பள்ளியில் வேறொரு மரபு நிலவியது: ஒரு மேசை, சுற்றிலும் சிலர், நடுவே ஒரு பனுவல். வரி வரியாகப் படித்துச் செல்லும் அந்த முறை, உரையாசிரியர்களைப் பாடங்கேட்டுப் பழகிய தமிழர்க்கு அயலானதன்று. பரிபாடலை 1968இல் பிரெஞ்சில் தந்த பிரான்சுவா குரோ பின்னாளில் அங்குக் கற்பித்தவர். பிற்காலத்தில் தற்காலச் சிறுகதைகளையும் அதே கவனத்துடன் மொழிபெயர்த்தார்.

1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது ஃபிலியோசா அதன் தலைவரானார். மன்றத்தின் உந்துவிசையாக இருந்த தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். கோலாலம்பூர், சென்னை ஆகிய நகரங்களை அடுத்து மூன்றாம் மாநாடு 1970 சூலையில் கொலேஜ் து பிரான்சில் கூடியது. சென்னையில் ஊர்வலமும் சிலைகளுமாகப் பெருந்திருவிழாவாய் நடந்த நிகழ்வு, பாரிசில் அறிஞர் கருத்தரங்காகச் சுருங்கியது. சுருங்கியதை இழப்பாகக் கருத வேண்டுவதில்லை. ஆய்வுக்கு அந்த அளவே பொருந்துவது. ஆனால் அம்மண்டபத்திற்கு வெளியே, அந்நகரில், அப்போது தமிழ்த் தெரு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை.

அந்தத் தெரு உருவான வரலாறு அடுத்த மாநாட்டோடு தொடங்குகிறது எனலாம். நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் நாள் இறுதிக் கூட்டத்தில் காவல்துறை தலையிட்டதை அடுத்து மக்கள் உயிரிழந்தனர். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 வன்செயல்களுக்குப் பின் அகதிகளாக வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் பாரிசை அடைந்தனர். தனிநாயகம் அடிகளின் தீவகத்தைச் சேர்ந்தோரும் அவர்களுள் பலர். 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் எழுந்தது. மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் அச்சகங்களும் தொடர்ந்தன. ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ போன்ற இதழ்கள் இந்நகரிலிருந்து வெளிவந்தன.

இவ்விரு தமிழும் சந்தித்தனவா? கொலேஜ் து பிரான்சின் கதவு திறந்தே இருந்தது என்பது உண்மை. உணவகச் சமையலறையில் பகலும் இரவும் உழைத்தவருக்கு அக்கதவு எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதும் கேட்கத்தக்க வினாவே. ஆய்வாளர் தரப்பிலும் குறையுண்டு. பரிபாடலின் பாடவேறுபாடுகளில் செலுத்திய கூர்மையை, சில நிறுத்தங்களுக்கு அப்பால் பேசப்பட்ட யாழ்ப்பாணத் தமிழின்மீது இந்தியவியல் நெடுங்காலம் செலுத்தவில்லை. தொல்காப்பியச் சேனாவரையத்தின் பிரெஞ்சு மொழியாக்கத்தை ழான்-லுய்க் ஷெவியார் 1996இல் வெளியிட்டார். நிறுவனம் தன் வழியில் செய்த பெரும்பணி அது. பாரிசில் வாழும் ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் கதைகள் பிரெஞ்சில் தனிநூலாக வர 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மொழிபெயர்ப்பில் கீழைமொழி நிறுவனத்தின் தமிழாசிரியர் எலிசபெத் சேதுபதியும் பங்கேற்றார் என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

இதற்கிடையில் இடங்களும் மாறின. கீழைமொழி நிறுவனம் 2011இல் ரூ து லீல் தெருவிலிருந்து 13ஆம் வட்டாரத்திற்குப் பெயர்ந்தது. 2012இல் மெட்ரோவின் 12ஆம் தடம் வடக்கே நீட்டப்பட்டது. புதிய நிலையத்தின் பெயர் மக்கள் முன்னணி. டோர்மோய் அமைச்சராக இருந்த அதே முன்னணி. அந்நிலையத்தின் வாயிலில் 2019இல் கொந்தோர்சே வளாகம் திறக்கப்பட்டது. உயர் ஆய்வுப் பள்ளியின் ஆய்வுக் குழுக்கள் பலவும் தெற்காசிய ஆய்வு மையமும் அங்குக் குடியேறின. பல நூலகங்களை ஒன்றிணைத்த வளாகப் பெருநூலகம் 2021இல் இயங்கத் தொடங்கியது. மார்க்ஸ் டோர்மோயில் ஏறுபவர்க்கு அது இரண்டாவது நிறுத்தம்.