அடித்தளமும் சார்பு மொழியும்

கணினி வரலாறு எழுதுவோர் புதியனவாகப் புகுந்தவற்றையே பெரிதும் பேசுவர். நீக்கப்பெற்றவற்றின் வரலாறும் அறியத்தக்கதே. பிரீ பி.எஸ்.டி. என்னும் இயங்குதளம், பல்லாண்டு தன்னகத்தே வைத்துப் போற்றிய பெர்ல் மொழியை 2002-ஆம் ஆண்டில் தன் அடித்தளத்தினின்றும் நீக்கிவிட்டது. அம்மொழி புகழ் பெற்று விளங்கிய காலம் அது. அவ்வாறிருக்க, அதனை நீக்கியது எற்றுக்கு? அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், சார்பு என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். சி மொழியில் எழுதிய நிரல், ஒருமுறை எந்திர மொழியாக மாற்றப்பட்டபின் மாற்றிய கருவியின் துணையின்றியே இயங்கும். பெர்ல், பைத்தான் முதலிய குறுநிரல் மொழிகளில் எழுதியவை அத்தகையன அல்ல. இயங்குந்தோறும் அவற்றைப் படித்துப் பொருள்கொண்டு நடத்தும் பெருநிரல் ஒன்று உடனிருத்தல் வேண்டும். பிறவெழுத்தைச் சார்ந்தே வரும் சார்பெழுத்தைப் போன்றன இவை எனலாம்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்சு, சிறு கருவிகள் பலவற்றை இணைத்துப் பெருவினை முடிக்கும் நெறியை உடையது. ஆக் என்னும் மொழி 1977-இல் தோன்றியது. இத்தகைய கருவிகளின் ஆற்றல்களை ஒருங்கே திரட்டி, லாரி வால் என்பார் 1987-இல் பெர்லை வெளியிட்டார். சி மொழியில் பல பக்கம் எழுதவேண்டியதை இதில் சில வரிகளில் முடிக்கலாம். ஆதலின், பிரீ பி.எஸ்.டி.யில் பயனர் கணக்கைச் சேர்க்கும் ஆட்யூசர், நிரலின் இருப்பிடங்காட்டும் வேரிஸ் முதலிய கருவிகள் பெர்லிலேயே அமைந்தன.

இடர் இங்கேதான் தொடங்கிற்று. அடித்தளம் மெல்ல மாறுவது. மொழியோ விரைந்து வளர்வது. 2000 மார்ச்சில் வந்த பிரீ பி.எஸ்.டி. 4.0, பெர்லின் 5.005 பதிப்பைக் கொண்டிருந்தது. அதே திங்களில் பெர்ல் 5.6 வெளிவந்துவிட்டது! புதியது வேண்டுவோர் தனியே மற்றொன்றை நிறுவினர். ஒரே கணினியில் இரு பெர்ல்கள் இருந்து குழப்பம் விளைத்தன. பழையதை மாற்றினாலோ, அதனை நம்பிய நிரல்கள் பழுதுறும். மேலும், பெர்லின் அளவு பதிப்புத்தோறும் பெருகியது. அன்றியும், அது தான் உருவாகும் கணினியையே சோதித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆகலின், ஒருவகைக் கணினியில் இருந்துகொண்டு வேறுவகைக் கணினிக்கு இயங்குதளத்தை உருவாக்குவார்க்கு அது பெருந்தடையாயிற்று.

எனவே, 2002 மே திங்களில் பெர்ல் நீக்கப்பெற்றது. ஆட்யூசரை ஷெல் நிரலாகவும், வேரிஸைச் சி மொழியிலும் புதிதாக எழுதினர். 2003 சனவரியில் 5.0 பதிப்பு, அடித்தளத்தில் பெர்லின்றி வெளிவந்தது. பெர்லை விரும்புவோர் தனித்தொகுப்பாக நிறுவிக்கொள்ளத் தடையில்லை.

இதுவே ஒரே வழி என்று கொள்ளுதல் பொருந்தாது. ஓபன் பி.எஸ்.டி. பெர்லை அடித்தளத்திலேயே வைத்துப் பேணுகிறது. அதன் தொகுப்பு நிறுவும் கருவிகள் பெர்லில் எழுதப்பட்டவை. டெபியன், பெர்லின் இன்றியமையாக் கூற்றை மட்டும் பிரித்துச் சிறுதொகுப்பாக வைத்துள்ளது. 2019-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்சு 8, இயங்குதளத்தின் சொந்தப் பயனுக்கென ஒரு பைத்தானை ஒதுக்கி, மக்கள் கையாளும் பைத்தானை வேறாக்கிற்று.

பெர்லை நீக்கிய பிரீ பி.எஸ்.டி.யும் குறுநிரல் மொழியை முற்றும் துறந்ததன்று. 2018-இல் வெளிவந்த 12.0 பதிப்பில், தொடக்க ஏற்றியின் இயல்பு மொழியாக ஃபோர்த்துக்கு மாற்றாக லுவா அமர்ந்தது. அடித்தளக் கருவிகளுக்கென்றும் பின்னர் ஒரு லுவா, பிறர் நிரல்கள் அதனை நம்பிவிடாதவாறு, ஒதுக்கிடத்தில் வைக்கப்பெற்றது. லுவா உருவிற் சிறியது, உருவாக்குதற்கும் எளியது.

ஆகவே, 2002-இல் எழுந்த வினா, குறுநிரல் மொழி நன்றா தீதா என்பதன்று. அடித்தளம் சார்ந்து நிற்கும் மொழியைத் தன் காலத்தில், தன் போக்கில் பேணிக்கொள்ள இயலுமா என்பதே. பெர்லை அங்ஙனம் பேண இயலாமற் போயிற்று. லுவாவைப் பேண இயன்றது. இரு முடிவுகளையும் ஒருசேர வைத்துக் காண்பார்க்கு, அவை முரணாகா என்பது புலப்படும்.